சீரும் சிறுவாடும்

நம் கூட்டமைப்பு மலருக்கு "இந்தக் காலத்தில் பாரம்பரியத்துக்கு என்ன இடம்?" என்ற தலைப்பில் எழுதச் சொன்னார்கள். மாதக் கூட்டத்தில் இந்தப் பேச்சு வந்தபோதே இரண்டு கட்சி ஆகிவிட்டது. "பழசையெல்லாம் விட்டதாலதான் புள்ளைங்க இப்படிப் போகுதுங்க" என்று பெரியவங்க ஒரு பக்கம். "பழசு பழசுன்னு சொல்லித்தானுங்க எங்களை வீட்டுல உட்கார வெச்சீங்க" என்று இளசுகள் இன்னொரு பக்கம். இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கு. ஆனால் பாரம்பரியம் என்று மொத்தமாகப் பேசினால் பேச்சு முடியாது. பனியன் பண்டலை வெளியிலிருந்து பார்த்து நல்லது கெட்டது சொல்ல முடியுமா? பிரித்து, ஒவ்வொரு பீஸாக வெளிச்சத்தில் பிடித்தால்தான் எதில் ஓட்டை, எதில் கறை என்று தெரியும். செக்கிங் பார்க்கிற நமக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை.

அதனால் நம் வீட்டு வழக்கங்களில் இரண்டை மட்டும் பிரித்துப் பார்க்கிறேன். ஒன்று சீர். இன்னொன்று சிறுவாடு. சீர் ஊரறியப் பந்தலில் வைக்கிறது. சிறுவாடு யாருக்கும் தெரியாமல் அரிசிப் பானைக்குள் வைக்கிறது. இரண்டும் பெண்ணை வைத்து வந்த பழக்கம்தான். ஆனால் இந்த இரண்டும் நம் காலத்துக்கு வந்து சேர்ந்த வழி வேற வேற.

முதலில் ஒரு சங்கதி. வரதட்சணை நம் பாட்டன் பூட்டன் காலத்திலிருந்தே இருக்கிற வழக்கம் என்று பலரும் நினைக்கிறோம். தமிழ்நாட்டில் உழைத்துச் சாப்பிட்ட பல சாதிகளில் அது அப்படி இல்லைங்க. அங்கே மாப்பிள்ளை வீட்டார்தான் பெண் வீட்டுக்குப் பரிசம் கொடுத்தார்கள். காட்டு வேலையில், களத்து மேட்டில் பெண்ணின் கை முக்கியம். அந்தக் கை இன்னொரு வீட்டுக்குப் போகிறது என்றால் அதற்கு ஒரு மரியாதை செய்ய வேண்டும் என்ற எண்ணம் அதில் இருந்தது. இன்றைக்கும் நிச்சயதார்த்தத்தைப் "பரிசம் போடறது" என்றுதானே பல ஊரில் சொல்கிறோம். சொல் அப்படியே இருக்கு. பணம்தான் திசை மாறிவிட்டது.

எப்போது மாறியது? போன நூற்றாண்டில்தான். படிப்பும், சர்க்கார் உத்தியோகமும், மாதச் சம்பளமும் பெரும்பாலும் ஆம்பளைப் பிள்ளைகளுக்குக் கிடைத்தது. சம்பளக்கார மாப்பிள்ளைக்குக் கிராக்கி ஏறியது. மேல்சாதிகளிலும் வசதியான குடும்பங்களிலும் இருந்த வழக்கம் மெல்ல மெல்ல எல்லா வீட்டுக்கும் இறங்கியது. பெண்ணைப் பெற்றவர்கள் பரிசம் வாங்கிய சாதிகளிலும், அடுத்த தலைமுறையில் பெண்ணைப் பெற்றவர்கள் கடன் வாங்கினார்கள்.

காதர்பேட்டையில் நம்மோடு குழுவில் இருக்கிற இஸ்லாமியச் சகோதரிகளுக்கு இது நன்றாகவே புரியும். நிக்காஹ்வில் மஹர் என்பது மாப்பிள்ளை மணப்பெண்ணுக்குக் கொடுக்க வேண்டியது. அது அவளுக்கே சொந்தம். வாப்பாவோ, அண்ணனோ, புருஷனோ அதில் உரிமை கேட்க முடியாது. இப்படி ஒரு தெளிவான மரபு இருக்கும்போதே, கைக்கூலி என்ற பெயரில் பணம் பெண் வீட்டிலிருந்து மாப்பிள்ளை வீட்டுக்குப் போகத் தொடங்கியது. பல ஜமாஅத்துகளில் இதை எதிர்த்துப் பேசுகிறவர்கள் மஹரைத்தான் எடுத்துக் காட்டுகிறார்கள். அதாவது, பழைய மரபை வைத்தே புதிய கெட்ட பழக்கத்தை எதிர்க்கிறார்கள். இது நாம் கவனிக்க வேண்டிய விஷயம்.

1961-ல் வரதட்சணைத் தடைச் சட்டம் வந்தது. வாங்கினாலும் கொடுத்தாலும் குற்றம் என்பது எல்லாருக்கும் தெரியும். அதே சட்டத்தில் 6-ஆவது பிரிவு என்று ஒன்று இருக்கு. அது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. பெண்ணுக்காகக் கொடுத்ததை வேறு யார் வாங்கியிருந்தாலும் அதை அந்தப் பெண்ணிடமே ஒப்படைக்க வேண்டும் என்கிறது அந்தப் பிரிவு. சட்டம் போட்டவர்களுக்கே தெரிந்திருக்கிறது, பெண்ணின் பெயரைச் சொல்லி வருகிற பணம் பெண்ணின் கைக்கு வருவதில்லை என்று.

இனி நம் ஊருக்கு வருவோம். 1925 வாக்கில் திருப்பூருக்கு முதல் பனியன் மெஷின் வந்தது என்பார்கள். ரொம்ப காலம் வெள்ளை பனியன்தான், உள்நாட்டு விற்பனைதான். 1970-களின் கடைசியில் இத்தாலிக்காரர்கள் டீ ஷர்ட் கேட்டு வந்த பிறகு ஏற்றுமதி பிடித்தது. 80-களிலும் 90-களிலும் கம்பெனிகள் பெருகப் பெருக, பெண்களும் கூட்டம் கூட்டமாக வேலைக்கு வந்தோம். கைமடி, செக்கிங், பேக்கிங் என்று ஆரம்பித்து மெஷினிலும் உட்கார்ந்தோம். வாரச் சம்பளம் கையில் வந்தது. ஒண்ணரை ஷிப்ட் பார்த்தால் இன்னும் கொஞ்சம் கூட வந்தது.

பனியனுக்குத் துணி வேண்டும், துணிக்கு நூல் வேண்டும். நூல் வருவது கோவை, ஈரோடு, திண்டுக்கல் வட்டாரத்து ஸ்பின்னிங் மில்களிலிருந்து. அங்கேதான் நம் மரபில் ஒரு சொல்லை எடுத்துப் பெண் பிள்ளைகளைப் பிடிக்கும் தூண்டிலில் மாட்டினார்கள். அந்தச் சொல் சுமங்கலி.

"சுமங்கலித் திட்டம்" என்பார்கள். "மாங்கல்யத் திட்டம்", "திருமகள் திருமணத் திட்டம்" என்றும் பெயர்கள் உண்டு. பெயரைக் கேட்டால் ஏதோ அரசாங்க உதவி மாதிரி இருக்கும். ஆனால் இது மில்களின் ஏற்பாடு. வயசுக்கு வந்த, கல்யாணம் ஆகாத பெண் பிள்ளைகளை, பதினாலு பதினைஞ்சு வயதிலிருந்தே, மூன்று வருஷ ஒப்பந்தத்தில் சேர்த்துக்கொள்வார்கள். மில்லுக்குள்ளேயே ஹாஸ்டல். தினக்கூலி குறைவு. மூன்று வருஷம் முடிந்தால் கல்யாணச் செலவுக்கு 30,000 முதல் 50,000 ரூபாய் வரை மொத்தமாகத் தருவோம் என்பது வாக்கு. தென் மாவட்டங்களிலும் வறண்ட கிராமங்களிலும் தரகர்கள் வீடு வீடாகப் போய் ஆள் சேர்த்தார்கள். போனவர்களில் ஏழைகள், அதிலும் தலித் குடும்பத்துப் பிள்ளைகள் அதிகம்.

கணக்கு நோட்டு எழுதுகிறவர்கள் ஒரு தடவை கணக்குப் போட்டுப் பாருங்கள். மூன்று வருஷம் என்றால் 1,095 நாள். 30,000 ரூபாயை அதால் வகுத்தால் நாளைக்கு 27 ரூபாய் சொச்சம். 50,000 என்றாலும் 46 ரூபாய்க்குள்தான். அந்தப் பிள்ளைக்குத் தினமும் கொடுத்திருக்க வேண்டிய கூலியில் பிடித்து வைத்ததுதான் அது. அதைச் சேர்த்து வைத்து "கல்யாணப் பரிசு" என்று பெயர் போட்டுக் கொடுத்தார்கள். நடுவில் உடம்புக்கு முடியாமல் வேலையை விட்டால் அதுவும் கைக்கு வராமல் போனது உண்டு.

2011-ல் நெதர்லாந்து நாட்டுத் தொண்டு அமைப்புகள் இரண்டு இதைப் பற்றி விரிவான அறிக்கை வெளியிட்டன. 2014-ல் இன்னொரு அறிக்கை வந்தது. வேலை நேரம் நீண்டது, ஹாஸ்டலை விட்டு வெளியே போக முடியாதது, போன் பேசக் கட்டுப்பாடு என்று அந்தப் பிள்ளைகள் சொன்னதையெல்லாம் அவற்றில் எழுதினார்கள். நம் ஊர்த் தொண்டு நிறுவனங்களும் தொழிற்சங்கங்களும் அதற்கு முன்னாலிருந்தே பேசி வந்தவைதான். வெளிநாட்டுக் கம்பெனிகள் கேள்வி கேட்டதும் சுமங்கலி என்ற பெயர் நோட்டீசிலிருந்து மறைந்தது. ஹாஸ்டல் முறை எல்லா இடத்திலும் மறைந்துவிடவில்லை.

அனுப்பிய தாய் தகப்பனைக் குறை சொல்லிப் பிரயோசனம் இல்லைங்க. மழை இல்லை, வேலை இல்லை. வீட்டில் மூன்று பெண் பிள்ளைகள். தரகர் வந்து இரண்டு விஷயம் சொல்கிறார். "கல்யாணத்துக்குப் பணம் சேர்ந்துடும்." "காம்பவுண்டுக்குள்ளயே இருக்கும், வெளிய விடமாட்டாங்க, பத்திரமா இருக்கும்." கல்யாணம் ஒரு மதிப்பு, மானம் ஒரு மதிப்பு. இரண்டும் நாம் உயிராக நினைப்பவை. அதனாலேயே அவற்றைச் சொல்லி நம்மை மடக்குவது சுலபமாகிவிட்டது. பூட்டிய கதவைக்கூடப் பாதுகாப்பு என்று சொல்லி நம்ப வைக்க முடிந்தது.

சுமங்கலி என்ற சொல்லுக்கு இப்படி நேர்ந்தது முதல் தடவை அல்ல. கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடப்பட்ட பெண்களை "நித்திய சுமங்கலி" என்றார்கள். கணவன் சாமி, அதனால் அவளுக்குத் தாலி அறுக்கிற நாளே இல்லை என்று அர்த்தம். பட்டம் பெரியது. அவர்களில் கலை தெரிந்தவர்கள் உண்டு, மானிய நிலம் அனுபவித்தவர்களும் உண்டு. ஆனால் பொட்டுக்கட்டும்போது அந்தச் சின்னப் பிள்ளையின் சம்மதத்தை யாரும் கேட்டதில்லை.

அந்த வழக்கத்தை அதே சமூகத்தில் வாழ்ந்தே எதிர்த்தவர் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார். 1883-ல் பிறந்தவர். ஊர் ஊராகப் போய்ப் பேசினார். 1936-ல் இதைப் பற்றி ஒரு நாவலே எழுதி வெளியிட்டார். சட்டமன்றப் பக்கத்தில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி போராடினார். கோயில் மரபு, காலங்காலமாக வந்த வழக்கம் என்று சொல்லி எதிர்த்தவர்கள் பெரிய பெரிய ஆட்கள். கடைசியில் 1947-ல் சென்னை மாகாணத்தில் பொட்டுக்கட்டுவதைத் தடுக்கும் சட்டம் வந்தது. அம்மையார் 1962-ல் காலமானார்.

அவர் பெயரில் 1989-ல் தமிழக அரசு ஒரு திருமண உதவித் திட்டம் தொடங்கியது. எட்டாம் வகுப்பு வரை படித்த ஏழைப் பெண்ணின் கல்யாணத்துக்கு 5,000 ரூபாய். அந்தப் பணத்துக்காகவாவது எட்டாவது வரை படிக்க வைப்போம் என்று நினைத்த வீடுகள் உண்டு. பிறகு படிப்பு பத்தாவது ஆனது, தொகை 25,000, பட்டம் படித்தவர்களுக்கு 50,000 ஆனது. 2011-ல் தாலிக்கு 4 கிராம் தங்கம் சேர்ந்தது, 2016-ல் அது 8 கிராம் ஆனது. நம்மில் எத்தனையோ பேர் வீட்டுக்கு அந்தத் தங்கம் வந்திருக்கிறது. 2022-ல் அதே திட்டத்தை மாற்றினார்கள். ஆறாவது முதல் பன்னிரண்டாவது வரை அரசுப் பள்ளியில் படித்துவிட்டுக் கல்லூரிக்குப் போகிற பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாய், அவள் பெயரில் இருக்கிற வங்கிக் கணக்கிலேயே. "புதுமைப் பெண்" என்று நாம் சொல்வது இதைத்தான்.

"தாலித் தங்கம் போச்சேங்க" என்று நம் குழுக்களிலேயே வருத்தப்பட்டவர்கள் உண்டு. அந்த வருத்தம் நியாயம்தான். பவுன் விலை தெரிந்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். ஆனாலும் கல்யாணத்தன்றைக்கு வருகிற பணத்துக்கும், மாதா மாதம் பிள்ளையின் கணக்கில் ஏறுகிற பணத்துக்கும் ஒரு வித்தியாசம் இருக்கு. முதலாவது வந்த நாளே பந்தல்காரருக்கும், சமையல்காரருக்கும், மாப்பிள்ளை வீட்டுக்கும் பிரிந்து போய்விடும். இரண்டாவதை எடுக்க அவள் கையெழுத்து வேண்டும்.

அதே 1989-ல் இன்னும் ஒரு பெரிய காரியம் நடந்தது. மார்ச் 25 முதல், பரம்பரைச் சொத்தில் மகனைப் போலவே மகளுக்கும் சம பங்கு என்று தமிழ்நாடு இந்து வாரிசுரிமைச் சட்டத்தைத் திருத்தியது. ஆனால் அந்தத் தேதிக்கு முன்னால் கல்யாணம் ஆனவர்களுக்கு இல்லை. 2005-ல் நாடு முழுக்கத் திருத்தம் வந்தபோது அந்த வித்தியாசம் போனது. 2005 செப்டம்பர் 9 அன்று தகப்பனார் உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் கிடையாது என்று 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

சட்டம் இப்படி இருக்க, நம் வீடுகளில் நடப்பது என்ன? அப்பா காலமாகிக் காரியம் முடிந்ததும் அண்ணன் தம்பிகள் பத்திர ஆபீசுக்குக் கூப்பிடுகிறார்கள். "உனக்குத்தான் சீர் செஞ்சாச்சே, அம்மிணி." விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வருகிறோம். ஏன் போடுகிறோம்? பயம் மட்டும் இல்லை. ஆடிக்கு அழைக்க ஒரு வீடு வேண்டும். பிள்ளைக்குக் காது குத்தத் தாய்மாமன் மடி வேண்டும். பொறந்த வீட்டு வாசல் அடைபட்டுவிடக் கூடாது என்ற அந்தப் பாசம் பொய் இல்லை. பங்கை விட்டுக் கொடுத்தவர்களை ஏமாளி என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் கேட்க வேண்டிய ஒன்றைக் கேட்கத்தான் வேண்டும்: சீர் பங்குக்கு ஈடு என்கிறார்களே, அந்தச் சீர் இப்போது எங்கே? கட்டில் பீரோ புருஷன் வீட்டில். பைக் மாப்பிள்ளை பெயரில். நகை அடமானத்தில். பங்குக்கு ஈடாக வந்தது எதுவும் நம் கையில் இல்லை, பங்கும் இல்லை.

அடுத்து சிறுவாடு. நம் அம்மாயி, அப்பத்தா காலத்தில் பால் விற்ற காசு, முட்டை விற்ற காசு, கூலியில் மிச்சம் பிடித்த காசு அரிசிப் பானையிலும், சுருக்குப் பையிலும், சேலை மடிப்பிலும் இருக்கும். ஆஸ்பத்திரிச் செலவுக்கும், பிள்ளை பள்ளிக்கூடத்துக்கும், ஏன், புருஷன் கையில் காசில்லாத நாளில் அவருக்குமே அதிலிருந்துதான் வரும். அதில் சிக்கனம் இருந்தது, பொறுப்பு இருந்தது. ஒரு குறையும் இருந்தது. ஒளித்து வைத்ததால் அது அவளுடையது என்று வெளியே சொல்ல முடியாது. கண்டுபிடித்துவிட்டால் போச்சு. தனியாளாக இருக்கிற வரை அந்தக் காசுக்குப் பலம் இல்லை.

அந்தப் பலத்தைக் கொடுத்தது குழு. அதுவும் 1989-தான். மகளிர் மேம்பாட்டு நிறுவனம், சர்வதேச வேளாண் மேம்பாட்டு நிதியத்தின் உதவியோடு தர்மபுரி மாவட்டத்தில் மகளிர் சுய உதவிக் குழுக்களைத் தொடங்கியது. 1992-ல் நபார்டு, குழுக்களை வங்கியோடு இணைக்கும் முயற்சியை நாடு முழுக்க 500 குழுக்களோடு ஆரம்பித்தது. 1997-98-ல் மகளிர் திட்டம் வந்து மற்ற மாவட்டங்களுக்கும் பரவியது. அந்த வழியில் வந்தவர்கள்தான் நாமும்.

யோசித்துப் பார்த்தால் குழுவில் புதுசு என்று எதைச் சொல்வது? சிக்கனம் பழசு. சீட்டுப் போடுவது பழசு. வாங்கினதைச் சொன்ன தேதிக்குத் திருப்பிக் கொடுக்கிற நாணயம், காதர்பேட்டை யாவாரத்தையே காலங்காலமாகத் தாங்குகிற குணம், அதுவும் பழசு. பிணை இல்லாமல் வங்கி நமக்குக் கடன் கொடுப்பது அந்தப் பழைய குணத்தை நம்பித்தான். புதுசாக வந்தது நோட்டுதான். ஒளித்து வைத்த காசு, பெயர் போட்டு எழுதிய காசு ஆனது. பன்னிரண்டு முதல் இருபது பேர் சாட்சி ஆனார்கள்.

சீரும் சிறுவாடும் பிரிகிற இடம் இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. ஒரு வழக்கம் எவ்வளவு பழசு, எவ்வளவு புனிதம் என்று கேட்டுக்கொண்டே இருந்தால் பரிசம் வரதட்சணையாக மாறினதையும் நாம் மரபு என்றுதான் சொல்வோம். அதன் பெயரால் வந்தது பெண்ணின் கையில் வந்து சேர்ந்ததா, அதைப் பற்றி முடிவு செய்தபோது அவளைக் கேட்டார்களா என்று பார்த்தால் எதைக் காப்பாற்ற வேண்டும், எதை விட வேண்டும் என்று தெரிந்துவிடும்.

இதை மலரில் படித்து மூடி வைத்துவிடக் கூடாது என்பதால் ஒரு வேண்டுகோள். நம் குழுக்களில் கல்யாணக் கடன் கேட்டு வருகிறவர்களுக்கு நாம் இல்லை என்று சொல்ல முடியாது. சொல்லவும் வேண்டாம். கடன் கொடுக்கும்போது மூன்று காரியம் செய்யலாம். பெண்ணுக்குப் போடுகிற நகையின் பில் அவள் பெயரில் இருக்கட்டும். அவளுக்கென்று ஒரு வங்கிக் கணக்கு கல்யாணத்துக்கு முன்னாலேயே இருக்கட்டும். மூன்றாவது, கொடுத்த பொருள்களுக்கு ஒரு பட்டியல். இது நானாகச் சொல்வது இல்லை. பெண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் தருகிற பரிசுப் பொருள்களைப் பட்டியல் எழுதிக் கையெழுத்துப் போட்டு வைக்க வேண்டும் என்று 1985-ல் வந்த விதிகளிலேயே இருக்கு. அதே 1985-ல் உச்ச நீதிமன்றமும், சீதனம் பெண்ணுக்கே முழுச் சொந்தம், புருஷன் வீட்டில் இருந்தாலும் அது அவர்களிடம் நம்பிக்கையில் ஒப்படைத்ததுதான் என்று தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. பட்டியல் இருந்தால்தான் நாளைக்கு அதைக் கேட்க வழி உண்டு.

கல்யாண வீட்டில் மொய் நோட்டு எழுத ஒரு மேசை போட்டு, நன்றாக எழுதத் தெரிந்த ஆளை உட்கார வைக்கிறோம். ஐம்பது ரூபாய் வைத்தவர் பெயரும் அதில் ஏறுகிறது. இருபது வருஷம் கழித்தும் அந்த நோட்டைப் புரட்டிப் பார்த்து மொய் திருப்பிச் செய்கிறோம். அவ்வளவு நாணயமான மரபு நம்மிடம் இருக்கும்போது, அதே மேசையில் இன்னொரு நோட்டைப் போட்டுப் பெண்ணுக்குக் கொடுத்ததை எழுத என்ன தடை? அடுத்த மாதக் கூட்டத்தில் இதை ஒரு தீர்மானமாகக் கொண்டு வந்து, எல்லாக் குழுவும் பேசி முடிவு செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.